தலைவலி என்று சொன்னவர்

"வண்டி போற ரோடுதானே தம்பி? நடக்க வேண்டாம்னா வண்டியிலயே போறேன். மேல பத்து நிமிஷம் பார்த்துட்டு அதே வண்டியில இறங்கிடுறேன்."

டார்ஜிலிங் பக்கத்தில் சந்தக்ஃபூ உச்சிக்கு ஏறும் வழியில், காலிபோக்ரி என்ற ஊரில், நான் அழைத்துப் போன குழுவில் இருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

வேறு மலையாக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இமயமலையில் நாங்கள் ஆட்களை அழைத்துப் போகிற பல பாதைகளில் உச்சி வரை ரோடு கிடையாது. உடம்பு முடியாவிட்டால் இறங்க வேண்டியதுதான். சந்தக்ஃபூ அப்படியில்லை. நடை தொடங்கும் மானேபஞ்சாங்கிலிருந்து உச்சி வரை 31 கிலோமீட்டருக்கு வண்டிப்பாதை இருக்கிறது. பழைய லேண்ட் ரோவர்கள் பல காலம் ஏறிய வழி அது, இப்போது பொலேரோக்களும் ஏறுகின்றன. காலையில் டார்ஜிலிங்கில் டிபன் சாப்பிட்டவர் மதியம் 3,636 மீட்டர் உயரத்தில் நின்று டீ குடிக்கலாம். தலை வலிக்கிறதா என்று அவரை யாரும் கேட்பதில்லை. அதே உயரத்துக்கு நாங்கள் நாள் கணக்கில் நடந்து, டும்லிங்கில் ஓர் இரவு, காலிபோக்ரியில் ஓர் இரவு என்று உடம்பைப் பழக்கிப் பழக்கி ஏறுகிறோம்.

அன்று இரவு நாங்கள் தங்கியிருந்த வீடு நேபாளப் பக்கம். நாங்கள் நடக்கிற இந்தச் சிங்கலீலா மலைமுகட்டில் எல்லை அப்படித்தான் போகும். நடக்கிற பாதை இந்தியாவில் இருக்கும், படுக்கிற கட்டில் நேபாளத்தில் இருக்கும், நடுவில் ஒரு எல்லைக்கல். நேபாள டவர் கிடைத்ததும் போனில் மணி பதினைந்து நிமிடம் முன்னே தாவிவிடும். வருகிறவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எனக்கு இது வேடிக்கையாக இருக்காது. இறக்க வேண்டி வந்தால் நேபாளத்தின் இலாம் பக்கமா, டார்ஜிலிங் பக்கமா? நம்மவர்களுக்கு நேபாளத்தில் விசா தேவையில்லை, ஆனால் நாங்கள் எடுத்திருந்த இன்சூரன்ஸ் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். காலை ஆறு மணிக்கு வண்டி வேண்டும் என்றால் யாருடைய ஆறு மணி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் சமையலறை அடுப்பைச் சுற்றி உட்கார வைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தேன். விரல் சில்லிட்டிருந்தால் எண் குறைத்துக் காட்டும் என்பதால் கையை நன்றாகச் சூடுகாட்டச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு 88. பக்கத்தில் இருந்த சென்னைப் பையனுக்கு 81. இரண்டாவது முறை வைத்தபோதும் 81-தான். "தலைவலி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "சூப்பரா இருக்கேன்ணா" என்றான். பசியாகச் சாப்பிட்டான், சிரித்துப் பேசினான். எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உயரத்துக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை முதலில் காட்டுவது தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, அசதி. இதில் எதையும் எந்தக் கருவியும் அளக்காது. வலிக்கிறவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அந்த அம்மா சொன்னார். மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, வழியில் வந்த கையாகட்டாவிலிருந்தே பின்மண்டை வலிக்கிறது என்றார். தட்டில் பாதி ரொட்டி அப்படியே இருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பயணத்துக்காகத் திருச்சி மலைக்கோட்டைப் படிகளைத் தினமும் ஏறி இறங்கிப் பழகியவர். நடையில் எங்களில் பலரைவிட அவர் முன்னால். ஆனால் உயர நோய்க்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நல்ல உடற்கட்டு உள்ளவருக்கும் வரும். தரைப்பலகையின் விளிம்பை ஒட்டி, குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். தள்ளாட்டமே இல்லாமல் நடந்தார். அதனால் உயர நோய் முற்றினால் வருகிற மூளை வீக்கம் என்று பயப்பட வேண்டியதில்லை. பாரசிட்டமால் கொடுத்தேன், தண்ணீர் குடிக்கச் சொன்னேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

காலையில் வலி குறையவில்லை. ஒருமுறை வாந்தியும் எடுத்திருந்தார்.

எங்கள் உள்ளூர் வழிகாட்டி அந்த முகட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் அவரைத் தாஜு, நேபாளியில் அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மதியம்வரை பார்க்கலாம் என்றார். வெயில் ஏறினால் சரியாகிவிடும், மேலே பிக்கேபஞ்சாங் பக்கம் விளைகிற விஷச்செடியின் காற்று பட்டால் அங்கிருப்பவர்களுக்கே தலை சுற்றும், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றார். விஷச்செடி அங்கே விளைவது உண்மை. தலைவலிக்குக் காரணம் அதுவல்ல, ஆக்சிஜன் குறைவுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எத்தனையோ பேர் ஏறி இறங்குவதைப் பார்த்த கண் அவருடையது. அவர் பேச்சைத் தட்டிவிட்டு வண்டிக்குச் சொல்லியனுப்புவது எனக்கு லேசான காரியமாக இல்லை.

வண்டி கீழேதான் போகும் என்று தெரிந்த பிறகுதான் அந்த அம்மா அப்படிக் கேட்டார். கஞ்சன்ஜங்காவை டும்லிங்கிலேயே பார்த்துவிட்டோம். அவர் பார்க்க ஆசைப்பட்டது எவரெஸ்ட்டை. சந்தக்ஃபூவிலிருந்து பார்த்தால் மக்காலு சிகரம்தான் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் எவரெஸ்ட் சின்னதாகத்தான் எட்டிப் பார்க்கும் என்று முந்தின நாள் நான்தான் சொல்லியிருந்தேன். சந்தக்ஃபூவுக்கு ஆறு கிலோமீட்டர்தான் பாக்கி.

என் பக்கத்து நியாயங்கள் பல. அறிகுறி இருக்கும்போது இன்னும் 450 மீட்டர் மேலே கொண்டுபோகக் கூடாது, நடந்தாலும் வண்டியில் போனாலும் உயரம் உயரம்தான். வண்டி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? மேலே போனதும் மேகம் மூடியிருந்து, கொஞ்சம் விலகட்டும் என்று அவரே கேட்டால்? நல்ல ஆஸ்பத்திரி என்றால் டார்ஜிலிங்தான். குழுவை விட்டுவிட்டு நான் கூடப் போகவும் முடியாது, உதவியாளரைத்தான் அனுப்ப முடியும். இருபத்துச் சொச்சம் வயதுப் பையன், அந்த அம்மா கொஞ்சம் அதட்டிச் சொன்னால் தலையாட்டிவிடுவான்.

இந்த நியாயங்களை எனக்கே திரும்பச் சொல்லிப் பார்க்கும்போது சில இடங்கள் இடறுகின்றன. உயர நோய் மேலே போனவுடன் வருவதில்லை, பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வண்டியில் மதியம் வந்து இறங்குகிறவர்கள் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது ராத்திரியில். அந்த அம்மா மேலே இருந்திருக்கப்போவது பத்து நிமிடம், அப்புறம் நேரே இறக்கம். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும்? அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. ஏற்கெனவே வாந்தி எடுத்தவரிடம் "அநேகமாக" என்பதை நம்பி ஏற்ற முடியுமா? முடியாது. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது.

அவர் வாதாடவில்லை. "சரி தம்பி, நீங்க சொன்னா சரி" என்றார். பையிலிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, மேலே போகிறவர்களுக்கு ஆகும் என்று என் கையில் கொடுத்தார். மானேபஞ்சாங் போய்ச் சேர்வதற்குள் தலைவலி விட்டுவிட்டது என்று சாயங்காலம் செய்தி வந்தது. இறங்கினால் சரியாகும் என்பதற்கு அது சாட்சி. வலி அவ்வளவு லேசானதாகத்தான் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. அன்று காலை மேகமே இல்லை. எவரெஸ்ட் தெரிந்தது.

சந்தக்ஃபூவுக்கு அப்பால் ஃபாலுட்டும் தாண்டி இறங்கி, கோர்கே என்ற ஊரின் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சென்னைப் பையன் பக்கத்தில் வந்தான்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. காலிபோக்ரியில எனக்கும் செம தலைவலி. சொன்னா கீழ அனுப்பிடுவீங்கன்னு மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். சந்தக்ஃபூவில் அந்த இரவு அவனுக்கு வலி முற்றியிருந்தால், நான் வேறு அறையில் தூங்கிக்கொண்டு இருந்திருப்பேன். அதை அவனிடம் சொன்னேன், திட்டவும் செய்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் போனில் எவரெஸ்ட் இருந்தது.

அவன் தப்பித்தது அதிர்ஷ்டம், அந்த அம்மாவை இறக்கியது முறை. இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ள என்னால் முடியும். சக டிரெக் லீடர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் ஏற்பாடு முழுவதும் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. அந்தக் குழுவில் உண்மையைச் சொன்னவருக்கு நான் கொடுத்தது இறங்குகிற வண்டி. மறைத்தவனை என் கையாலேயே உச்சிக்கு அழைத்துப் போனேன். மற்றவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த மலையில் அவர்களுக்குத் தலை வலித்தால் யாரைப்போல நடந்துகொள்வார்கள்?

இப்போதெல்லாம் மானேபஞ்சாங்கில் கிளம்பும் முன் பேசும்போது, தலைவலியை மறைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். சொன்னால் கீழே அனுப்பிவிடுவீர்களா என்று யாராவது கேட்டால், காலையிலும் குறையாவிட்டால் ஆமாம் என்கிறேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால் அவர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல், யார் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள், யார் இருட்டும் முன்பே போய்ப் படுக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன். சிலரைக் கண்டுபிடிக்கவும் முடிகிறது. ஆனால் கூட வருகிறவர்களைத் திருட்டுத்தனம் பிடிப்பதுபோல உற்றுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை இல்லை.

காலிபோக்ரியில் இன்னொரு இரவு சேர்க்கச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் கிடைத்தால், வலி வந்தவர் அதே உயரத்தில் தங்கி, விட்ட பிறகு ஏறலாம். தலைவலி என்று சொன்னால் உடனே வண்டி என்ற பயமும் குறையும். செலவு கூடும், லீவு கிடைக்காதவர்கள் வேறு பயணத்தைத் தேடிப் போவார்கள் என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. அந்த அம்மா அடுத்த சீசனுக்குத் தேதி கேட்டு எழுதியிருக்கிறார். கூடுதல் நாள் கிடைக்குமா என்று தெரிந்த பிறகு பதில் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.