மெட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம்

வீணை வாசிக்கிறவர்கள் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் ‘சக்தி’ இசைக்குழுவில் வாசித்த காலத்துக் கிதாரைப் படத்திலாவது உற்றுப் பார்க்க வேண்டும். கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரஹாம் வெக்டர் உருவாக்கியது அது. மெட்டுகளுக்கு, அதாவது விரல் பலகையின் குறுக்கே சுரங்களைப் பிரிக்கும் கட்டைகளுக்கு, இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் சீவியிருப்பார்கள். ஒலித்துளைக்கு மேலே சாய்வாக சுருதி சேர்க்கும் ஏழு தந்திகள் தனியே ஓடும். சாதாரணக் கிதாரில் தந்தியை இழுக்கும்போது விரல் நுனி பலகையில் உரசும். இங்கே விரலுக்கு அடியில் மரமே இல்லை. இழுத்த இழுப்புக்குத் தந்தி வருகிறது. என் வீணையில் மெழுகின்மேல் மெட்டுகள் எழும்பி நிற்பதும் இதற்காகத்தான். விரலை ஒரே மெட்டில் வைத்தபடி அடுத்த சுரத்தை எட்டிப் பிடிக்க முடியாவிட்டால் தோடி ராகத்தின் ‘க’ சுரமான காந்தாரத்துக்கு எங்கே போவது?

மெக்லாக்லின் 1942இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்தவர். 1969இல் நியூயார்க் வந்த வேகத்திலேயே ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற சொந்தக் குழு. மின்கிதாரின் முழக்கத்தால் உலகப் புகழ். அதுவே அவருடைய உச்சம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் புகழின் நடுவே அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். கற்றதற்கு ஏற்றபடி வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார். நம் ராகத்தின் சாயலை மேலே பூசிக்கொண்டு போனவர்கள் பலர். அதற்காகப் பலகையைக் குடையச் சம்மதித்தவர் இவர்.

சக்தியில் அவரோடு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். முதல் இசைத்தட்டில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும். 1997இல் குழு மீண்டும் கூடியபின் மாண்டலின் ஸ்ரீநிவாசும், விக்குவின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் சேர்ந்தன. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலையும் மெக்லாக்லின் விட்டுவைக்கவில்லை; செல்வகணேஷோடு சேர்ந்து அதற்கென்றே ஒரு பாடக் காணொளியும் வெளியிட்டார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அவரிடம் வேகம் முந்திக்கொள்கிறது. ஒரு சுரத்தில் உட்கார்ந்து உருகுவது அபூர்வம். அந்த நிதானம் எனக்கு ஸ்ரீநிவாசின் விரல்களில்தான் கிடைத்தது. இருவரும் மாறி மாறி வாசிக்கும் இடங்களில் ஸ்ரீநிவாஸ் ஒரு பிடியை, ராகத்தின் ஒரு சிறு சுரக்கோவையை, இழைத்து வைப்பார். மெக்லாக்லின் பதிலைச் சற்றுத் தாமதித்து எடுப்பார். அந்தத் தாமதத்தில் அவர் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

புதிதாகக் கேட்கிறவர்கள் 1976இல் வந்த சக்தியின் முதல் இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் உருப்படியே 18 நிமிடம். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கடத்தின் அடிநாதம் கைப்பேசியின் ஸ்பீக்கரில் எடுபடாது.