மேடிசனுக்கு ஓர் அமர்வு

அமெரிக்காவில் மேடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அக்டோபர்தோறும் நடத்தும் தெற்காசிய மாநாட்டுக்கு, பல மாதம் முன்பே முன்மொழிவை அனுப்பிவிட வேண்டும். தனிக் கட்டுரை என்றால் நம் பாடு மட்டும்தான். ஒரே பொருளில் பல கட்டுரைகள் சேர்ந்த அமர்வு என்றால் நாலு பேரைக் கட்டி மேய்க்க வேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது காவிரி டெல்டா. ஒருவர் 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் காவிரி நீர் பற்றிய 1924ஆம் ஆண்டின் மைசூர் - சென்னை ஒப்பந்தத்தை. மூன்றாமவருக்குத் திருவாரூர்ப் பக்கம் குறுவை விவசாயிகளிடையே களப்பணி. மூன்றும் நல்ல வேலைதான். ஆனால் சேர்த்து வைத்தால் காவிரி என்ற பெயரைத் தவிர வேறு ஒட்டு இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் "பல்வேறு கோணங்களில் ஆராய்கிறோம்" என்று எழுதத் தோன்றும். கேள்வி இன்னும் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். எத்தனை முன்மொழிவுகளில் படித்துச் சலித்த வாக்கியம் அது!

கேள்வி களப்பணிக்காரரிடமிருந்து வந்தது. "சார், ஊர்ல யாரும் அணையைப் பத்திப் பேசறதில்ல. மதகைத் திறக்கிறது யாருன்னுதான் சண்டை" என்றார். சரி, பிடி கிடைத்துவிட்டது. 1934இல் மேட்டூர் அணை வந்த பின் எவ்வளவு தண்ணீர், எப்போது என்பது பொறியாளர்கள் கைக்குப் போனது. ஜூன் 12, அணை திறக்குமென்று டெல்டாவில் எல்லோரும் எதிர்பார்க்கும் தேதியாயிற்று. ஆனால் கடைசி வாய்க்காலில் யார் வயல் முதலில் என்பதை எந்தப் பொறியாளரும் தீர்த்துவைக்கவில்லை. திறப்பு யார் கையில் என்று கேட்டதும் மேலணையும் ஒப்பந்தமும் மதகும் ஒரே வரிசையில் வந்து நின்றன.

அமர்வுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். நாலு கட்டுரைக்குத் தலா இருபது நிமிடம் என்றால் எண்பது போச்சு. கட்டுரைகளைப் பற்றிக் கருத்துச் சொல்லும் கருத்துரையாளருக்குப் பதினைந்து. மிச்சமிருக்கும் பத்தைத் தலைவரின் அறிமுகமே தின்றுவிடும். கேட்க வந்தவர்கள் வாயே திறக்க முடியாது. மூன்றோடு நிறுத்தினோம். நாலாவதாகச் சேர விரும்பிய நண்பர் கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை.

கருத்துரையாளராகவும் காவிரி தெரிந்தவரையே போடலாமே என்றார் ஒரு மூத்த பேராசிரியர். எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் தலையாட்ட மேடிசன் வரை போவானேன்? பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களை ஆராய்பவரைக் கேட்டோம். அங்கே 1880களிலிருந்து ஆங்கிலேய அரசு கால்வாய் வெட்டி, தரிசில் ஆட்களைக் குடியேற்றிப் புது ஊர்களையே உண்டாக்கியது. டெல்டாவிலோ கல்லணைக் காலத்திலிருந்து நடந்துவந்த பாசனத்தின் மேல் அரசு வந்து உட்கார்ந்தது. சம்மதம் சொன்ன கடிதத்திலேயே அவர் சண்டையைத் தொடங்கிவிட்டார்: வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடும் ஆளுக்குக் கூலி கொடுப்பது ஊரா, அரசா? மூன்று கட்டுரையிலும் அதற்குப் பதில் இல்லை. அமர்வுச் சுருக்கத்தின் இரண்டாம் பத்தியை அந்தக் கேள்வியை வைத்தே மாற்றி எழுதி அனுப்பினோம்.