படுத்திருந்தால் 3, எழுந்தால் 8

72 வயதுப் பாட்டி. தொடை எலும்பின் மேல்முனை முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள். காலையில் நர்ஸிங் மாணவி கேட்டபோது வலி பத்துக்கு 3 என்கிறார். ஒரு மணி நேரம் கழித்து பிசியோதெரபி மாணவர் எழுப்பி உட்கார வைக்கும்போது 8 என்று அலறுகிறார். இரண்டு குறிப்புமே சரி. ஆனால் கேஸ் ஷீட்டில் 3 மட்டும் ஏறினால், கொடுக்கிற மருந்து போதும் என்று முடிவாகிவிடும். நடக்க மறுக்கும் பாட்டிக்கு ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற பெயரும் வந்துவிடும். அதற்குள் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் படுக்கைப்புண் வரும்.

வலியைப் பல துறை மாணவர்களும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது இதனால்தான். டொரன்டோ பல்கலைக்கழகம் 2002-லேயே மருத்துவம், பல் மருத்துவம், நர்ஸிங், பார்மஸி, பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) ஆகிய ஆறு துறையினருக்கும் பொதுவாக 20 மணி நேர வலிப் பாடத்தைத் தொடங்கியது. ஒரே கட்டடத்தில் இல்லாத, டைம்டேபிளும் ஒத்துப்போகாத துறைகளை இப்படிச் சேர்க்க ஆன்லைன் நல்ல வழி. விரிவுரையைப் படம்பிடித்து ஏற்றிவிட்டால் மட்டும் அது சேர்ந்து படித்ததாகாது. ஆளுக்கொரு மூலையில் அதே வீடியோவைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அடிப்படைப் பாடத்தை 12 முதல் 15 நிமிடத் துண்டுகளாக முன்கூட்டியே கொடுத்துவிடலாம். வலி எப்படி உண்டாகிறது, எப்படி அளப்பது, மருந்து, மருந்தில்லா வழிகள் என்று நான்கு துண்டு போதும். நேரலை நேரம் 90 நிமிடமும் நாம் உருவாக்கும் ஒரு கற்பனை நோயாளிக்கே. குழுவுக்கு 6 முதல் 8 பேர்; ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும். பாடத்தை வடிவமைக்கும் நம் உழைப்பெல்லாம் போக வேண்டிய இடம், நோயாளியின் தகவலைத் துறைவாரியாகப் பிரிப்பதுதான். யாரும் தனியாக விடை காண முடியாதபடி பிரிக்க வேண்டும்.

இதே பாட்டியை எடுத்துக்கொள்வோம். மருத்துவ மாணவரின் தாளில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் 1.6 என்றும், ஒரு கூட்டு மாத்திரையின் பிராண்டு பெயரும், நாளைக்கு மூன்று வேளை என்றும் மட்டும் இருக்கும். அதில் வலி மருந்தான டிரமடால் 37.5 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்திருக்கிறது என்பது பார்மஸி மாணவரின் தாளில். பாட்டியின் எடை 44 கிலோ, மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ‘காய்ச்சல் மாத்திரை’ 650-ஐ நான்கு வேளையும் கொடுக்கிறாள் என்பது நர்ஸிங் தாளில். மூன்று தாளும் மேஜைக்கு வந்தால்தான் கணக்கு போட முடியும்: கூட்டு மாத்திரையில் 975-உம், அதே பாராசிட்டமாலான காய்ச்சல் மாத்திரையில் 2,600-உம் சேர்ந்து நாளைக்கு 3,575 மி.கி. 50 கிலோவுக்குக் கீழே உள்ள முதியவருக்கு 3 கிராமுக்குள் நிறுத்துவதே பாதுகாப்பு. வலி தாங்கவில்லையே என்று டைக்ளோபினாக் சேர்க்கலாமென்றால், அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் கிரியேட்டினின் தடுக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி தாளில் ஒரே வரிதான்: வீட்டில் இருப்பது தரையில் குந்தும் கழிப்பறை. டிரமடால் மலச்சிக்கல் உண்டாக்கும் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிற குழு, மலமிளக்கியையும் கழிப்பறை நாற்காலியையும் ஒரே திட்டத்தில் எழுதும். திட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. துறைக்கு ஒன்றாகவும் எழுதக் கூடாது.

பல் மருத்துவ மாணவருக்கு இந்தப் பாட்டியிடம் பெரிய வேலை இல்லை. வலிந்து ஒரு சொத்தைப் பல்லை நுழைத்தால் அவர் ஒப்புக்குத்தான் உட்கார்ந்திருப்பார். அவர் துறைக்கு வாய்ப்புற்றுநோய் வலியை மையமாக வைத்து இன்னொரு நோயாளியை உருவாக்குவதே மரியாதை.

எங்கே கெடும்? பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில். மருத்துவ மாணவர் பேச ஆரம்பிப்பார், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் குறிப்பெடுப்பார்கள். அதனால் ஐந்து நிமிடம் எல்லாரும் தனித்தனியாக எழுதி அனுப்பிய பிறகுதான் பேச்சு. முதலில் பேசுவது பிசியோதெரபி. இறுதியாண்டு மருத்துவ மாணவரோடு முதலாண்டு நர்ஸிங் மாணவியைச் சேர்த்தால் இந்த ஏற்பாடும் உதவாது; வார்டில் ஏறத்தாழ ஒரே அளவு பழகியவர்களைச் சேர்க்க வேண்டும். ஒரு துறையிலிருந்து ஆள் வரவில்லையென்றால் அந்தத் தாளை வேறொருவரிடம் கொடுத்துவிடக் கூடாது. அந்தத் துறை ஆசிரியர் முன்பே பதிவு செய்த பதிலைக் கேட்க வைக்கலாம். பலரும் கைபேசியில்தான் வருவார்கள் என்பதால் தாளில் அட்டவணை வேண்டாம்; பெரிய எழுத்தில் ஒரே பத்தியாக இருக்கட்டும்.

பாட்டியின் குரல் எழுத்தாக இல்லாமல் ஒலியாக வேண்டும், அதுவும் தமிழில். 90 விநாடி போதும். “இடுப்புல கடுக்குது, அசைஞ்சா சுண்டி இழுக்குது, கால்ல கரண்ட் அடிச்ச மாதிரி விறுவிறுங்குது” என்கிறார். மாணவர்கள் பலரும் இதை ‘வலி உள்ளது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கரண்ட் அடிப்பது, எரிவது, மதமதப்பது எல்லாம் நரம்பு வலியைச் சந்தேகிக்கச் சொல்லும் சொற்கள். காயத்தின் கடுப்புக்குக் கொடுக்கும் மருந்து அதற்குப் போதாமல் போகலாம். சொன்ன சொல்லை அப்படியே எழுது என்பதை ஒரு விதியாகவே வைத்துவிட வேண்டும். வலி எப்போதும் அவரவர் அனுபவம், சொல்பவரின் சொல்லை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையின் குறிப்புகளிலும் இருக்கிறது. அந்த வரியை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இந்த ஒலிப்பதிவு நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

சரியான விடையைத் தேர்வு செய்யும் கேள்விகள் அறிவை மட்டும்தான் அளக்கும். திட்டத்தை மதிப்பிட, மருந்து கொடுத்த பிறகு வலியை மீண்டும் எப்போது கேட்பீர்கள் என்று கேளுங்கள். மாத்திரையானால் சுமார் ஒரு மணி நேரம், நரம்பு வழி ஊசியானால் 15 முதல் 30 நிமிடம். அதை யார் கேட்பது, படுத்திருக்கையிலா உட்கார வைத்தா என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். பிசியோதெரபி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை என்று எழுதிய குழு விஷயத்தைப் பிடித்துவிட்டது.

கடைசிப் பயிற்சி, பாட்டியின் மகளிடம் இரண்டு நிமிடத்தில் தமிழில் விளக்கிப் பதிவு செய்வது. ‘டாக்டர் சொன்னதை மட்டும் கொடுங்க’ என்பதோடு நிறுத்திவிடுகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். காய்ச்சல் மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்கிறோம், அம்மா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ மூச்சு மெதுவானாலோ யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இரண்டும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.