பாறை, பீலி, சேறு: மலையகத்தில் ஆய்வுக்கு இறங்கும் தம்பி தங்கைகளுக்கு

கம்பஸில் மூன்றாம் வருடம் வந்ததும் ஜூனியர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, ரிசர்ச்சுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?" கேட்கும்போதே பாதிப் பேருக்கு மனசுக்குள் ஒரு பதில் இருக்கும்: பழைய காலநிலை, பருவமழை, ஹோர்ட்டன் சமவெளி. நல்ல தலைப்புதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய காலநிலையைத் தேடி, அடுக்கடுக்காகப் படிந்த சதுப்புச் சேற்றைத் தோண்டப் போகிறவனுக்கு அந்தச் சேறு எந்தப் பாறையிலிருந்து உதிர்ந்தது, எந்தத் தண்ணீரோடு வந்து படிந்தது என்று தெரியாவிட்டால் ஆய்வுகூட முடிவுகளை வைத்துக்கொண்டு முழிக்கத்தான் வேண்டும். அதனால் முதலில் பாறை, அப்புறம் தண்ணீர், கடைசியில் சேறு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உயர்தரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாறையையும் மண்ணையும் படிக்கிற புவிச்சரிதவியலுக்கென்று (ஜியோலொஜி) தனித் துறை பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இருக்கிறது. படிப்பு ஆங்கிலத்தில்தான், முதல் வருடம் தடுமாறும், பிறகு சரியாகிவிடும். இப்போதே 1:50,000 இடவிளக்கப்படம் ஒன்றை வாங்கி உங்கள் தோட்டத்தைக் கண்டுபிடித்து, சமவுயரக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே மலையில் ஏறி இறங்கிப் பழகுங்கள். பரீட்சைக்கும் அது உதவும்.

சரி, பாறைக்கு வருவோம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தொல்பழங்கால உருமாறிய பாறை. நம் மலைநாட்டின் பெரும்பகுதி உயர்நிலத் தொகுதி என்று புவிச்சரிதவியலில் சொல்லும் பாறைக் கூட்டத்தில் வருகிறது. இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்தில் வெந்து உருமாறியவை இவை. சார்னோகைற்று, குவார்ட்சைற்று, கார்னெட் மின்னும் நைஸ் என்று பல பாறை வகைகள், இடையிடையே பளிங்குப் பட்டைகள். புத்தகத்தில் இதெல்லாம் கலர் கலராக அழகாக இருக்கும். களத்தில் போய் நின்றால் தெரிவது தேயிலையும் சிவப்பு மண்ணும்தான், ஏனென்றால் மழையும் வெப்பமும் பாறையை அரித்து அரித்து சில இடங்களில் பல மீற்றர் ஆழத்துக்கு மண்ணாக்கி வைத்திருக்கின்றன. அதனால் மலையகத்தில் வரைபடம் வரைய வெட்டுகளைத் தேட வேண்டும்: ரோட்டு வெட்டு, ரயில் பாதை ஓரம், ஆற்றுப் படுக்கை, வீடு கட்ட மண் வெட்டிய இடம். பட்டிப்பொலையிலிருந்து ஒஹியா, இதல்கஸ்ஹின்ன பக்கம் ரயிலில் போகும்போது போனைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், பாதையை வெட்டிய இடங்களில் எல்லாம் பட்டை பட்டையாகப் பாறை தெரியும்.

வெட்டு கிடைத்ததும் பாறைப் பெயர் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். பட்டை எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்கிறது, வெடிப்புகள் எந்தத் திசையில் போகின்றன என்று அளந்து எழுத வேண்டும். பாறையின் சாய்வும் மலைச் சரிவும் ஒரே பக்கமாக இருந்தால், மேல் மண் நனைந்த நாளில் அந்தச் சரிவு எதற்கும் தயாராக இருக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகள்) மண்ணுக்குள் போன பிறகு இதை ஏட்டுப் படிப்பு என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது தண்ணீர். நிறையப் பேர் இதை விட்டுவிட்டுச் சேற்றுக்குத் தாவுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். ஏனென்றால் நம் ஊரில் தரைக்கீழ் நீர் ஆய்வுக்கு இயந்திரம் கூடத் தேவையில்லை, பீலிக்கரைக்கு, அதாவது ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழும் இடத்துக்கு, போனால் போதும். மேலே உக்கிய மண், கீழே இறுகிய பாறை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, இரண்டும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் ஓடி, சரிவு வெட்டுப்படும் இடத்தில் ஊற்றாக வெளியே வரும். இன்னொரு வகை, பாறை வெடிப்பு வழியாக ஆழத்திலிருந்து வருவது. இரண்டையும் பிரிப்பது எப்படி? ஒரு 20 லீற்றர் வாளியைப் பீலிக்கடியில் வைத்து, போனில் நேரம் பாருங்கள். 40 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லீற்றர். இதையே பெப்ரவரி, மார்ச் வெயிலிலும் மழை ஓய்ந்த கையோடும் மறுபடி மறுபடி அளந்தால், மழையோடு ஏறி வெயிலில் வற்றுவது மேல்மண் ஊற்று, பெரிதாக ஆடாமல் அசையாமல் ஓடுவது ஆழ வெடிப்பிலிருந்து வருவதாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். கூடவே மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டுவது) அளக்கும் சின்னக் கருவியை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். குவார்ட்சைற்றுப் பக்கத்துத் தண்ணீர் மிகக் குறைவாகக் காட்டும். பளிங்கைக் கரைத்து வரும் தண்ணீர் கூடக் காட்டும், அதைக் குடிக்கும் லயத்தில் கேத்தலைத் திறந்து பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வயசான அம்மாக்களிடம் கேளுங்கள், எந்தப் பீலி எந்த வருசம் நின்றது என்று அவர்களுக்கு மனப்பாடம்.

பண்டாரவளை கதை தெரியும்தானே? உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் தண்ணீர் பீறிட்டது, மேலே ஊர்க் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. பாறையின் வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்பாக இருந்தால் ஆழத்தில் போடும் ஓட்டை மேலே கிணற்றை வற்றவைக்கும். எங்கள் ஊரில் அப்படி எதுவும் நடக்காது என்று நினைத்தாலும், ஒரு பேஸ்லைன் பதிவு, அதாவது மாற்றம் வருவதற்கு முன் அளந்த கணக்கு, இருப்பது நல்லது. முன்னால் அளந்து வைத்த எண் கையில் இல்லாதவன் "முன்பு தண்ணீர் இருந்தது" என்று வாயால் மட்டும்தான் சொல்ல முடியும்.

இனி சேறு. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பிலிருந்து எடுத்த கரி மண்ணை (செடிகள் உக்கிப் படிந்த கறுப்பு மண்) வைத்து பிரேமதிலக்க, ரிஸ்பெர்க் இருவரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு 24,000 ஆண்டுகள் வரை பின்னால் போகிறது. மண்ணில் தங்கிய மகரந்தம், காபன் சமதானிகள் (காபனின் வெவ்வேறு நிறையுள்ள வகைகள்) எல்லாம் பார்த்து, கடைசிப் பனிக்காலத்தில் அங்கே வறட்சி, பிறகு பருவமழை வலுத்தது என்று காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு நேரே அங்கே போய்ச் சேற்று மாதிரி எடுக்கும் குழாயை இறக்க முடியாது. 1988 முதல் அது தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும், தலைப்பு உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள்.

சேற்றின் வயதைக் கண்டுபிடிக்க இடத்துக்கேற்ற காலக்கணிப்பு முறை முக்கியம். நுவரெலியா கிரெகரி வாவி 1873 இல் கட்டியது. அதன் சேற்றுக்கு, மிகப் பழைய மண்ணுக்கான ரேடியோகாபன் முறையைக் கேட்டால் ஆசிரியர் சிரிப்பார், அங்கே அண்மைக் காலத்தை அளக்க உதவும் ஈயம்-210, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள்கள்தான் பேசும், அதுவும் யாரும் தோண்டித் துப்புரவாக்காத மூலை கிடைத்தால். சதுப்பில் வேறு சிக்கல்: மேலிருந்து இறங்கிய வேர் கீழே உள்ள பழைய மண்ணோடு கலந்தால் வயது குறைவாகக் காட்டும். மாதிரியைக் கண்ணால் பார்த்து வேர் பொறுக்காமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பாதீர்கள். குழாயின் மேல் எது, கீழ் எது என்று எடுத்த இடத்திலேயே எழுதுங்கள். மழையில் அழியாத பேனா, இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்பு, இரண்டும் பையில் இருக்கட்டும்.

வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "கரி மண்ணுக்கு நடுவில் இந்த மணல் பட்டை, இது வெள்ளமா, சரிவிலிருந்து கழுவி வந்ததா?" பார்த்தது வேறு, ஊகித்தது வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள். மணலின் தடிப்பு, மணியின் பருமன், கூர்மையான விளிம்பா உருண்டதா, இவை பார்த்தவை. வெள்ளம் என்பது உங்கள் ஊகம். மணல் எந்தப் பாறையிலிருந்து வந்திருக்கும் என்று கேட்டால், முதலிலேயே வரைபடம் போட்டவனுக்கு விரல் தானாக அந்த இடத்தில் போய் நிற்கும்.

இன்னொன்று, தோட்ட ஒபிசுகளில் தினசரி மழை எழுதிய பழைய புத்தகங்கள் இருக்கும், சில தோட்டங்களில் பல பத்து வருடக் கணக்கு. உங்கள் ஊற்றின் எண்களுக்குப் பக்கத்தில் போட அதைவிட நல்ல தரவு கிடைக்காது. துறைத் தலைவரின் கடிதத்தோடு போய் மனேஜரிடம் மரியாதையாகக் கேளுங்கள், அநேகமாகத் தருவார்கள், போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒபிசு மாற்றும்போது பழைய பேப்பரோடு போடுவதற்கு முன்னால் போய்விடுங்கள்.