பூசணிக்குப் பட்ட கண்

ஓவிய ஆசிரியரிடம் ஊர் கேட்கும் உதவிகளுக்கு ஓர் எல்லை இருக்கும் என்று பணியில் சேர்ந்த புதிதில் நான் நம்பியிருந்தேன். கும்பகோணத்தில் ஓவியம் படித்து, இதே ஊரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் சீர்வரிசைக் குடங்களில் வெட்ட வேண்டிய பெயர்களுக்கு எழுத்து வடிவம் வரைந்து கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் தவளையின் செரிமான மண்டலத்தை மூன்று முறை வரைந்திருக்கிறேன். முதல் இரண்டும் அளவுக்கு மீறி அழகாக இருந்ததால் அவளுடைய ஆசிரியைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தேர்தல் பணிக்குப் போன ஊரில்கூட, வாக்குச்சாவடிக்கு வழிகாட்டும் அம்புக்குறியைப் போடும் பொறுப்பு, “டிராயிங் சார்தானே நீங்க?” என்ற ஒரே கேள்வியோடு என் கைக்கு வந்து சேர்ந்தது. ஆகவே எதிர்வீட்டுக்காரர் ஒரு மாலையில் சாம்பல் பூசணிக்காயைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது நான் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை.

அவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளாகச் செங்கல் செங்கல்லாகக் கட்டிய வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம் என்றும், வாசலில் திருஷ்டிப் பூசணி கட்ட வேண்டும் என்றும் சொன்னார். “கடையில விக்கிறதெல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கு சார். நீங்க ஆர்ட்டிஸ்ட். கொஞ்சம் கிரியேட்டிவா ஒண்ணு போட்டுக் குடுங்களேன்” என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். மலை என்பதே கண்ணில் படாத காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வாரம் தவறாமல் இரண்டு மலைகளையும் நடுவில் ஒரு சூரியனையும் வரைந்து நீட்டும்போது, “சொந்தமாக யோசித்து வரையக் கூடாதா?” என்று கடிந்துகொள்கிறவன் நான். ஊராருக்கு உபதேசிக்கிறவன் ஒரு பூசணிக்காயிடம் தோற்றுப்போவதா என்று எண்ணிக் காயை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்று நாட்கள் யோசித்தேன். அச்சம் நான்கு பொருள்களால் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இவற்றில் கள்வர் முகத்தை வாசலில் மாட்டுவது மங்கலமாக இராது. இறை என்றால் அரசன், அதாவது மேலதிகாரி, ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே மேலதிகாரி எங்கள் தலைமை ஆசிரியர். அந்த விஷப் பரீட்சைக்கு நான் தயாராக இல்லை. மிஞ்சியவை அணங்கும் விலங்கும். இவ்விரண்டையும் ஒரே முகத்தில் கொண்டுவந்தவர்கள் சோழர் காலச் சிற்பிகள் என்பதால், தஞ்சைப் பெரிய கோயிலில் நான் மாணவனாக இருந்தபோது வரைந்த துவாரபாலகர்களின் கோட்டோவியங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். உருட்டிய விழி, கடைவாயில் கோரைப்பல், சுட்டுவிரலை நீட்டி எச்சரிக்கும் ஒரு கை, உள்ளே இருப்பவரின் பெருமையை வியந்து விரியும் இன்னொரு கை. காவல் காப்பதற்கென்றே உருவான முகம் அது. பூசணிக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். சாம்பல் பூசணியின் மேல் திருநீறு பூசியதுபோல் ஒரு வெண்பொடி படிந்திருக்கும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் ஒட்டாமல் வழுக்கியது. எந்தப் பரப்பானாலும் முதலில் சுத்தம் செய்து தயார்ப்படுத்த வேண்டும் என்று கல்லூரியில் கற்றுக்கொடுத்திருந்ததால், சுவரைத் தேய்ப்பதுபோல் ஈரத் துணியால் காய் முழுவதையும் தேய்த்துப் பளபளவென்று பச்சையாக்கிவிட்டேன். செய்த வேலையிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான் என்பது அப்போது தெரியாது. மிகுந்த திருப்தியாகவே இருந்தது.

உருண்டையான பரப்பில் முகம் வரைவது தாளில் வரைவதைப் போன்றதன்று. நேர்கோட்டில் வைத்த இரண்டு கண்களும் காயின் வளைவில் சரிந்து காதுகளை நோக்கி ஓடின. அவற்றை இழுத்துப் பிடித்து நடுவில் வைத்து, இமைக்குக் கீழே ஊதா நிழல் கொடுத்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளியாக ஓர் ஒளியை வைத்து, மீசையை மயிர் மயிராகப் பிரித்து, கன்னத்தில் மூன்று படிகளில் சிவப்பை இளக்கி இளக்கிப் பூசி முடிக்கையில் மணி இரண்டு. அதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மனைவி அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள்.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“பாவமா இருக்கு. கடன் கேக்க வந்துட்டு, எப்படிக் கேக்குறதுன்னு யோசிக்கிற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கலை விமர்சகர்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

மறுநாள் அதிகாலையில் காயை உறியில் ஏற்றித் தொங்கவிட்டபோதுதான், கயிறு என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துவிட்டது தெரிந்தது. தேங்காய் நார்க் கயிறு ஒன்று மூக்கின் நடுவிலும் மற்றொன்று வலது கண்ணின் குறுக்கிலும் ஓடியது. எப்படித் திருப்பிப் பார்த்தும் ஏதாவது ஓர் உறுப்பைப் பலி கொடுக்கவேண்டியிருந்தது. கடைசியில் ஒரு காதை விட்டுக்கொடுத்தேன்.

எதிர்வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களை எல்லாம் முதலில் நிலைவாசலில் நிறுத்திப் பூசணியைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினார். பர்மா தேக்கில் கதவு போட்டிருந்தார். அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இளைஞர்கள் பூசணியின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, தம் சித்தப்பாவின் சாயல் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, விடைபெற்றுப் போகும்போது ஒரு மூன்று வயதுக் குழந்தை தன் தாயின் தோளிலிருந்து திரும்பி, “தாத்தா, டாட்டா” என்று அதற்குக் கையசைத்தது.

நான் பாராட்டுகளில் மிதந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் தாயார் மட்டும் ஊஞ்சலில் அமர்ந்தபடி வாசலையே கவனித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய அந்த அம்மையார் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி, இது இம்புட்டு லட்சணமா இருக்கே. வர்றவன் போறவன் எல்லாம் நின்னு நின்னு பார்க்கிறான். இதுக்குக் கண்ணு பட்டுடுமே!”

சொன்னதோடு நிற்கவில்லை. சற்று நேரத்தில் ஓர் எலுமிச்சை, நாலைந்து பச்சை மிளகாய், ஒரு துண்டு படிகாரம் ஆகியவற்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, பூசணியின் தாடைக்குக் கீழே கட்டவைத்தார். வீட்டுக்குக் காவலாகப் பூசணி, பூசணிக்குக் காவலாக எலுமிச்சை. எலுமிச்சையை நான் வரையவில்லை என்பதால் அதற்குக் காவல் தேவைப்படவில்லை.

அம்மையார் சொன்னதில் இருந்த நுட்பம் இரவு படுக்கையில்தான் எனக்கு உறைத்தது. திருஷ்டிப் பூசணியைத் தெருவில் போகிறவன் அரை நொடிதான் பார்க்க வேண்டும். அவன் பார்வை முதலில் அதன்மேல் பட்டு, அருவருத்து, அங்கிருந்து ஓடிவிட வேண்டும். நான் வரைந்த முகத்திலோ பார்வை போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்று படிகளில் கொடுத்த நிழலும் கருவிழியின் ஒளியும் பார்ப்பவனை, ‘இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள்’ என்று அழைத்தன. அச்சத்தை வரைய உட்கார்ந்து மருட்கையை, அதாவது வியப்பை, வரைந்திருக்கிறேன்.

இந்த ஆபத்து எனக்கு முன்பே புலப்பட்டிருக்க வேண்டும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் சிலை இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று, அங்கிருந்து வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்த சிலை அது; அந்தச் செய்தி அதன் பீடத்திலேயே தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு தாராசுரத்தில் இருந்து, இப்போது தஞ்சையில் நிற்கிறது. வாயில் காக்கவென்று வைத்தவரையே பகைவர்கள் வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சிற்பியும் முந்தைய இரவு இரண்டு மணி வரை மீசையைப் பிரித்துக்கொண்டிருந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் வாரத்தில் பூசணியின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு தளர்ச்சி தெரிந்தது. வயதுக்குரிய இயல்பான மாற்றம் என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து அந்தக் கண்ணிலிருந்து கரிய நீர் வடியத் தொடங்கியது. கருவிழியின் ஒளி மட்டும் மங்காமல் அப்படியே இருக்க, முகம் உள்நோக்கிச் சரிந்து, தெருவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. இப்போதுதான் முதன்முறையாக அது பயமுறுத்தியது. ஆனால் வாடை வந்ததால் ரசிக்க ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, உறியை அப்படியே விட்டுவிட்டுக் காய் மட்டும் கழன்று, கீழே நின்ற வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் இருக்கையின்மேல் விழுந்து உடைந்தது.

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். வீட்டுக்காரர் வாளியும் துணியுமாக ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார், எதுவும் சொல்லவில்லை. ஊஞ்சலிலிருந்த அம்மையார்தான் என்னைத் தேற்றினார். “வீட்டு மேல விழுந்த கண்ணையெல்லாம் அதுவே வாங்கிக்கிச்சு தம்பி. நல்ல வேலைக்காரக் காய்.” 19 ஆண்டு ஆசிரியப் பணியில் என் படைப்பொன்றுக்குக் கிடைத்த மிகக் கருணையான மதிப்புரை அதுதான்.

மாற்றுக் காய் வாங்கித் தருவது என் கடமை என்று கடைத்தெருவுக்குப் போனேன். அமாவாசைக்கு முதல் நாள் என்பதால் பூசணிக்கடையில் கூட்டம். கடைக்காரர் தரையில் குந்தி உட்கார்ந்து, முகம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று கொட்டாங்கச்சிகளில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு எனாமல். முதலில் உறிக்கயிற்றைக் காய்மேல் மாட்டிவிட்டார். கயிறு போகும் வழிகளுக்கு நடுவில்தான் முகத்துக்கு இடம். கட்டைவிரலை எச்சில் தொட்டு, கண்ணும் வாயும் வர வேண்டிய மூன்று இடங்களில் மட்டும் பொடியைத் துடைத்தார். விரலாலேயே இரண்டு வெள்ளை அப்பல், குச்சியால் கறுப்பு வட்டம், ஒரே இழுப்பில் மீசை, சிவப்பு நாக்கு, அதன் இருபுறமும் இரண்டு பல். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. என்னைப் பார்த்து அது உறுமியது.

காய் முழுவதையும் துடைத்துவிட்டு வரைந்தால் என்ன என்று, யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டேன்.

“பொடிதான் சார் காய்க்குச் சட்டை. சட்டையைக் கழட்டிட்டு வெயில்லயும் மழையிலயும் தொங்கவிட்டா அழுகாம என்ன செய்யும்?” என்றார்.

“ஒரு கண் பெரிசா, ஒரு கண் சின்னதா இருக்கே அண்ணே?”

“ரெண்டு கண்ணும் ஒண்ணா இருந்தா மனுசன் ஆயிடும் சார். மனுசனைப் பார்த்து எவன் பயப்படுறான்?”

காயோடு சேர்த்து நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தத் தொகைக்குள் ஒரு பயிற்சி வகுப்பும் அடக்கம் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வாரம் எட்டாம் வகுப்பில் மலையும் சூரியனும் வேண்டாம் என்று சொல்லி, பார்த்தவுடன் பயம் வரும்படி ஏதாவது ஒன்றை வரையச் சொன்னேன். பேய்கள், பல்லிகள், ஊசியோடு நிற்கும் செவிலியர், ஒருவனின் அத்தை என்று வரிசையாக வந்தன. கடைசி வரிசைப் பையன் ஒருவன் நீட்டிய தாளில் முகமே இல்லை. பாதி திறந்த ஒரு வகுப்புக் கதவு. அந்த இடுக்கில் ஒரு கை. கையில் சுண்ணக்கட்டிப் பெட்டியும் மரத்தில் செய்த பெரிய கோணமானியும். அவ்வளவுதான். தாளை உயர்த்திக் காட்டியதும் வகுப்பே, “ஐயோ!” என்று அலறியது. ஓவியப் பாடவேளையைக் கடன் கேட்டுக் கணக்காசிரியர் வந்து நிற்கும் காட்சி அது. எங்கள் பள்ளியில் அப்படிக் கடனாகப் போன பாடவேளை எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

அந்தத் தாளை ஓவிய அறைக் கதவின் வெளிப்புறத்தில், பார்வை படும் உயரத்தில் ஒட்டி வைத்தேன். எலுமிச்சை கட்டலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். மறுநாள் கணக்காசிரியர் வந்தார். கதவருகே நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். கோணமானியின் கோடுகள் மிகச் சரியாக இருப்பதாகவும், வரைந்தவன் யாராயினும் அவனுக்கு நல்ல எதிர்காலம் இருப்பதாகவும் சொன்னார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, வியாழக்கிழமையின் கடைசிப் பாடவேளையை வாங்கிக்கொண்டு போனார்.