138 என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உளவியல் முதுகலை ஆய்வுக்காக முதன்முதலில் அனோவா ஓட்டிய இரவு, எந்த விளைவுமே தேறவில்லை. அனோவா என்றால் பல நிலைகளின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் கணக்கு. பிழைக்கான, அதாவது விளக்க முடியாத சிதறலுக்கான, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 138 என்று திரையில் நின்றது. அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பங்கேற்பாளர்கள் போதவில்லை என்று நினைத்து இரண்டு வாரம் கலங்கிக் கிடந்தேன்.

என் பரிசோதனை எளிமையானது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் 24 பேர். மடிக்கணினித் திரையில் ஒரு சொல் வரும். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும்; அதற்கு ஆகும் நேரத்தை அளந்தேன். மொழி ஒரு காரணி: தமிழ், ஆங்கிலம். சொல்லின் நீளம் இன்னொன்று: குட்டி, நடுத்தரம், நீளம். ஆறு நிலைகளையும் எல்லாருமே செய்தார்கள். ஆறு விதமான வரிசை போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் நாலு பேரைப் பிரித்துக்கொண்டேன். பங்கேற்பாளர் எண்ணிக்கையை ஆறின் மடங்காக வைத்துக்கொள்வது நல்லது.

வகுப்பில் ஓர் ஆயா இருந்தார். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர், எழுத்துக் கற்றது இப்போதுதான். "இரு கண்ணு, கண்ணாடி போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிதானமாக அழுத்துவார். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் படபடவென்று முடித்துவிடுவான். ஆயா தமிழிலும் மெதுவு, ஆங்கிலத்திலும் மெதுவு. ஆளுக்கு ஆள் உள்ள இந்த வித்தியாசத்தைத் தனியாகப் பிரித்து எடுக்கத்தானே ஒரே ஆளிடம் எல்லா நிலைகளையும் அளக்கிறோம்? ஆனால் நான் மென்பொருளிடம் யார் யார் என்று சொல்லவே இல்லை. அது 144 வரிகளையும் 144 வேறு ஆட்கள் என்று எடுத்துக்கொண்டு, ஆறு நிலைகளுக்கு ஆறைக் கழித்து 138 கொடுத்தது. ஆயாவின் நிதானமும் பையனின் வேகமும் பிழைக்குள் போய்க் குவிந்தன.

சரி, என்ன வந்திருக்க வேண்டும்? இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். 144 அளவீடுகளில் ஒன்றைக் கழித்து மொத்தம் 143. ஆட்களுக்கு 23. மொழிக்கு 1, அதன் பிழைக்கு 23. நீளத்துக்கு 2, அதன் பிழைக்கு 46. இடைவினைக்கு, அதாவது நீளத்தின் விளைவு மொழிக்கு மொழி மாறுவதற்கு, 2, அதன் பிழைக்கு 46. எல்லாம் கூட்டினால் 143. மூன்று விளைவுக்கும் மூன்று தனித்தனிப் பிழை. மொழியின் விளைவை, அந்த விளைவு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்ற பிழையால்தான் வகுக்க வேண்டும். தேர்விலும் பாதி நிரப்பிய அனோவா அட்டவணை ஒன்று வந்தது. எந்த விளைவுக்கு எந்தப் பிழை என்று தெரிந்ததால் மீதியை நிரப்ப முடிந்தது.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், எந்த அளவீடு எந்த ஆளுடையது என்று சொல்லும் பிழை அடுக்கைச் சேர்த்த பிறகும் 23, 46 வரவில்லை. ஆட்களுக்கு 1 முதல் 24 வரை போட்டிருந்த அடையாள எண்ணை அது அளவு என்று நினைத்துவிட்டது. அதை வகையாக மாற்றிய பிறகுதான் சரியானது. இந்தத் தவறு பலருக்கு நடக்கிறது.

அப்புறம் ஸ்ஃபெரிசிட்டி: நிலைகளுக்கு இடையிலான வித்தியாசங்கள் எல்லாம் ஒரே அளவு சிதறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டே நிலை உள்ள மொழிக்கு இந்தக் கவலை கிடையாது. நீளத்துக்கும் இடைவினைக்கும் பார்க்க வேண்டும். அது மீறப்பட்டால் திருத்த உதவும் கிரீன்ஹவுஸ்-கைஸர் எப்சிலான் என்ற எண் 0.70 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2, 46 இரண்டையும் அதால் பெருக்கினால் 1.4, 32.2. விளைவைப் பிழையால் வகுத்து வரும் எஃப் மதிப்பு மாறாது, விளைவே இல்லாதபோதும் அவ்வளவு பெரிய எஃப் வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்புதான் மாறும். இந்த நிபந்தனையைச் சோதிக்கும் மாக்லி சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். ஆட்கள் குறைவாக இருந்தால் அது மீறலைக் கோட்டை விட்டுவிடும்.

லோட் ஷெடிங்கில், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டில், மின்சாரம் போய், இரண்டு பேருக்கு ஒவ்வொரு நிலை பதிவாகாமல் போனது. ஒரு நிலை இல்லை என்றால் மென்பொருள் சில சமயம் அந்த ஆளையே தூக்கிவிடும், சத்தமே போடாமல். தாளில் 23 எழுதி வைத்திருந்தேன், திரையில் 21. அதனால்தான் பிடிபட்டது. அடுத்த சனிக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு விட்ட நிலையை மட்டும் செய்யச் சொன்னேன், அதை ஆய்வேட்டிலும் எழுதினேன். அப்படி முடியாதவர்கள், பொது விளைவையும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரிக்குப் போகலாம். மிச்சமுள்ள அளவீடுகள் வீணாகாது. ஆனால் அங்கே ஆளுக்கு ஒரு சராசரி மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். மொழியின் விளைவும் நீளத்தின் விளைவும் ஆளுக்கு ஆள் மாற இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லா விளைவுக்கும் மறுபடி ஒரே பிழைதான்.

எனக்கு இடைவினை வந்தது: சொல் நீள நீளத் தமிழில் நேரம் ஏறியது, ஆங்கிலத்தில் அவ்வளவாக இல்லை. அப்போது மொழியின் பொது விளைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதில் பொருள் இல்லை. தமிழுக்குள் மூன்று ஜோடி ஒப்பீடு; பல ஒப்பீடுகளுக்கான பான்ஃபெரோனி திருத்தம் என்றால் 0.05 என்ற பி வரம்பை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0.0167. வரம்பைப் படிப்படியாகத் தளர்த்தும் ஹோம் முறை அவ்வளவு கெடுபிடி செய்யாது, நான் அதையே எடுத்தேன்.

வரைபடத்தில், சராசரி எவ்வளவு நிச்சயமற்றது என்று காட்டும் வழக்கமான பிழைக்கோடுகளைப் போட்டதும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எந்த வித்தியாசமும் இல்லாததுபோல் தெரிந்தது. 138இல் பார்த்த அதே சிக்கல். ஒவ்வொருவரின் அளவீடுகளிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்து, பொதுச் சராசரியைக் கூட்டி, மோரி என்ற ஆய்வாளர் 2008இல் சொன்ன திருத்தத்தையும் சேர்த்து மறுபடி வரைந்தேன். ஆயாவின் கோடு மேலேயிருந்து இறங்கி மற்றவர்களோடு சேர்ந்தது. தமிழ் நெடுஞ்சொல்லில் மட்டும் அவரும் பையனும் சேர்ந்தே ஏறினார்கள்.