சின்ன ரிவால்வர்: .22 எடுப்பதா, .32 எடுப்பதா?

தற்காப்புக்கு ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எது பலமானது?" என்பதைத்தான். நம் நாட்டில் அதற்குப் பாதிப் பதிலைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 9 மி.மீ., .380, .455 போன்ற தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore, அதாவது குழல் துளையின் அளவு; .22, .32 என்பவை அங்குலக் கணக்கு) வகையில் அடங்கும். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உள்நாட்டில் தயாராகும் சிறிய ரிவால்வர்களில் நம் முன் வந்து நிற்பவை .22, .32 என்ற இரண்டுதான். இந்த இரண்டுக்குள் ஒன்றை முடிவு செய்ய நான் நிறைய யோசித்தேன். யோசித்ததில் எனக்கு வருத்தம் கிடையாது; உயிர் சம்பந்தப்பட்ட பொருளை விலைப்பட்டியல் பார்த்து வாங்கக் கூடாது.

சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. அரிசி ஆலை நடத்துகிறோம். அறுவடை நேரத்தில் நெல் கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும்; அந்த நாட்களில் ரொக்கம் வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். ஓர் இரவு பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளை நெம்பிவிட்டார்கள். வழக்குப் பதிவானது. அந்த முதல் தகவல் அறிக்கையின் நகலை வைத்துத்தான் ஆட்சியருக்கு உரிம மனு கொடுத்தேன். மதுரை மாநகருக்குள் வசிப்பவர்களுக்கு மாநகரக் காவல் ஆணையர். எங்களைப் போன்ற சுற்றுப்புறத்தாருக்கு ஆட்சியர் அலுவலகம்.

மனுவோடு உடல்நல, மனநலச் சான்று, துப்பாக்கியைப் பூட்டிப் பாதுகாக்க வீட்டில் இடம் இருப்பதற்கான உறுதி, பயிற்சிச் சான்று எல்லாம் கேட்டார்கள். பிறகு வருவாய்த் துறையும் காவல் துறையும் தனித்தனியாக விசாரித்தன. கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த காவல் ஆய்வாளர் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது: "அம்மா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? பீரோ சாவி எங்கே இருக்கும்?" சரியான கேள்வி. அவர் போன பிறகு சாவி வைக்கும் இடத்தையே மாற்றினேன். கோப்பு மேசை மேசையாக நகர்ந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ‘போர்’ என்பதில் தெளிவு கிடைத்தது பயிற்சியின்போதுதான். துப்பாக்கி சுடும் போட்டிகளில் .22 உண்டு, 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் .32 தோட்டாவும் பயன்படுகிறது. அதனால் பயிற்சியாளரின் மேற்பார்வையில் இரண்டையும் சுட்டுப் பார்க்க வழி இருந்தது.

.22 சுடும்போது கையில் உதையே தெரியாது. சத்தமும் குறைவு. குறி விலகாமல் அடுத்தடுத்துச் சுடலாம். உள்நாட்டுத் தயாரிப்பான ‘நிடர்’ வெறும் 250 கிராம்; கைப்பையில் இருப்பதே தெரியாது. ஆனால் .22 தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து அதன் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. சுத்தி விளிம்பை நசுக்க வேண்டும். மருந்து சீராகப் பரவாத இடத்தில் அடி விழுந்தால் தோட்டா வெடிக்காது. .32 தோட்டாவில் நடு மையத்தில் அந்த மருந்து கொண்ட தனித் தொப்பி இருக்கிறது. அடி அதன் மேல் நேராக விழுகிறது. ரிவால்வரில் ஒரு தோட்டா ஏமாற்றினாலும் விசையை மறுபடி இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வரும் என்பது உண்மை. இருந்தாலும் இருட்டில், நடுங்கும் கையோடு, அந்த ஒரு நொடியை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. குண்டின் எடையிலும் வித்தியாசம் பெரிது: .22க்குச் சுமார் 2.6 கிராம், .32க்குச் சுமார் 6.3 கிராம்.

.32 ரிவால்வரிலும் எடை பார்க்க வேண்டும். 2014இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த ‘நிர்பீக்’ டைட்டானியம் கலவையில் ஆனது, சுமார் 500 கிராம். 2023இல் வந்த ‘பிரபல்’ சுமார் 700 கிராம். அதில் உருளை பக்கவாட்டில் திறக்கும். பழைய மாதிரிகளில் துப்பாக்கியையே நடுவில் மடக்கித் திறக்க வேண்டும். எடை குறையக் குறைய உதை கூடும் என்பதை மறக்கக் கூடாது. லேசானது பெண்களுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுமப்பதற்கு நல்லது, சுடுவதற்குச் சற்றுக் கனம் இருப்பதே நல்லது. தலைமாட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கப்போகும் எனக்குக் கனம் ஒரு பொருட்டே அல்ல.

என்னைச் சோதித்தது விசைதான். சுத்தியைப் பின்னுக்கு இழுக்காமல் நேராக விசையை இழுத்தால் நீண்ட, கனமான இழுப்பு. பாதி வழியில் விரல் தயங்கும். குழலின் முனை இடப்பக்கம் சாயும். பயிற்சியாளர் தோட்டா இல்லாத துப்பாக்கியில் குழல் முனையில் குறி பார்க்க உதவும் கட்டையின் மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் விசையை இழுக்கச் சொன்னார். அது வசப்பட்ட பிறகுதான் .32 எனக்கு என்று முடிவு செய்தேன்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். .32 என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டாக்கள் இருக்கின்றன. ரிவால்வருக்கானது 7.65 x 23 மி.மீ.; ‘அஷானி’ போன்ற பிஸ்டலுக்கானது 7.65 x 17 மி.மீ. உரிமத்தில் ரிவால்வரா பிஸ்டலா என்பது தெளிவாக இருக்கட்டும், பெட்டியின் மேல் எழுத்தையும் படித்து வாங்குங்கள்.

துப்பாக்கி வந்துவிட்டால் கதவுப் பூட்டு வேண்டாம் என்று ஆகாது. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்; அந்த வாரங்களில் நம்மைக் காப்பது விளக்கும் நாயும் இரும்புக் கதவும்தான். தற்காப்பு உரிமையைச் சொல்லும், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளையும் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். தற்காப்புக்குத் தேவையான அளவை மீறினால் சட்டம் நம் பக்கம் நிற்காது.

திருமங்கலத்தில் இருக்கும் என் மதினியும் இப்போது விண்ணப்பிக்க இருக்கிறார். நான் .32 வைத்திருப்பதால் தானும் அதையே வாங்கப்போவதாகச் சொன்னார். அவருடைய வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்துத் தைத்தது. இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு, கை தாங்காவிட்டால் தயங்காமல் .22 எடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.